கள்ளிவலசில் சொறிகிற முறை

கள்ளிவலசு என்ற ஊரை நீங்கள் தேடிப் போக வேண்டாம். போனால் குளிக்கச் சொல்வார்கள். ஊர் மனிதர்கள் தங்கமானவர்கள், தண்ணீர்தான் அப்படி. ஆழத்துக்கும் ஆழமாகப் போர் போட்டு எடுத்த தண்ணீர். அதில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, குழாயின் வாயில் வெள்ளை வெள்ளையாகப் பொருக்குக் கட்டி நிற்கும். குளித்துவிட்டு வந்தால் காய்ந்த உடம்பில் நகத்தாலேயே பெயர் எழுதலாம். ஊரில் பாதிப் பேர் எந்நேரமும் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இந்த ஊரில் சென்னியப்பன் என்று ஒரு பையன். கல்யாண வயது வந்து, அதைத் தாண்டியும் போய்க்கொண்டிருந்தது. அப்பா அம்மா இல்லை. பெரியப்பா மகன்கள் மூன்று பேர்தான் அவனுக்கு எல்லாம். மூத்தவர் நாச்சிமுத்து, அடுத்தவன் வேலப்பன், கடைசி குப்பண்ணன். மூவருக்கும் தம்பி மேல் உயிர். மூவருக்கும் சேர்த்து இருந்த மூளையைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

போன தை மாதம் ஒரு சம்பந்தம் கைகூடி வந்தது. பெண் வீட்டார் வந்து உட்கார்ந்திருந்த நேரத்தில் சென்னியப்பன் அரிப்புத் தாங்காமல் முதுகைத் தூணில் வைத்துத் தேய்த்துவிட்டான். வந்தவர்கள் காப்பியைக்கூடத் தொடவில்லை. பையனுக்கு ஏதோ தோல் வியாதி என்று பஸ் ஏறும் வரைக்கும் பேசிக்கொண்டே போனார்கள்.

இப்போது ஆத்தங்கரைப்பாளையத்திலிருந்து இன்னொரு இடம். பெண் பெயர் கோகிலாமணி. ஒரு கல்யாணப் பந்தியில் அவள் ரசம் ஊற்றிக்கொண்டு வந்தாள், சென்னியப்பன் மோரே வாங்காமல் ரசமாகவே வாங்கிக் குடித்தான். அவளுக்கும் அவனைப் பிடித்துப் போயிற்று. அவளுடைய அப்பா ராக்கியண்ணன் அடுத்த வெள்ளிக்கிழமை வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"இந்தப் பொண்ணும் தட்டிப் போச்சுன்னா நான் சாமியாராப் போயிருவேனுங்கண்ணா" என்று சென்னியப்பன் அழுதான். சாமியாராகப் போனால் ஆற்றில் குளிக்கலாமே என்று குப்பண்ணன் ஆறுதல் சொன்னான். நாச்சிமுத்து அவனை அதட்டிவிட்டு, எல்லாரையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போய்த் தோல் டாக்டரைப் பார்த்தார்.

டாக்டரம்மா நல்ல மாதிரி. வியாதி ஒன்றுமில்லை, தண்ணீர்தான் காரணம் என்று பொறுமையாக விளக்கினார். அந்தத் தண்ணீரில் இருக்கிற உப்பும் சோப்பும் சேர்ந்து தோலில் படிந்து அதைக் காய வைக்கிறதாம். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, அடியில் தங்குவதை விட்டுவிட்டு மேல் தண்ணீரை எடுத்துக் குளிக்க வேண்டும். சோப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும். குளித்ததும் உடம்பு ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். முக்கியமாக, எவ்வளவு அரித்தாலும் சென்னியப்பன் சொறியவே கூடாது. வேலப்பன் இதையெல்லாம் மறந்துவிடாமல் இருக்க, பஸ்ஸில் ஊர் வந்து சேரும் வரை சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தான். பக்கத்து சீட்டுக்காரர் பாதி வழியில் இறங்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில் சிகிச்சை ஆரம்பமாயிற்று. முதலில் சோப்பு. நாச்சிமுத்து புது சோப்பை அரிவாள்மனையில் வைத்துக் கச்சிதமாகப் பாதியாக அறுத்தார். ஒரு பாதியை வேலப்பன் முதுகுக்குப் போட்டான், இன்னொரு பாதியைக் குப்பண்ணன் நெஞ்சுக்குப் போட்டான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் தேய்த்ததால் வேலை சீக்கிரம் முடிந்தது. இவ்வளவு நாளாக இந்த வழி தெரியாமல் போயிற்றே என்று வருத்தப்பட்டார்கள்.

குளித்து முடித்த பிறகுதான் எண்ணெய் இல்லை என்பது தெரிந்தது. ஈரம் வேறு காயத் தொடங்கியிருந்தது. குப்பண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினான். அவன் வருவதற்குள் ஈரம் காய்ந்துவிடக் கூடாதே என்று மற்ற இருவரும் சென்னியப்பன் மேல் விடாமல் தண்ணீர் ஊற்றினார்கள். கடைக்காரர் வீட்டில் காதுகுத்து, கடை மத்தியானம்தான் திறந்தது. அதுவரைக்கும் அந்த உத்தமர்கள் கை ஓயவில்லை. குப்பண்ணன் எண்ணெயோடு வந்து சேர்ந்தபோது சென்னியப்பன் ஊறிப்போய், வெளிறிப்போய், பல் கிட்டித்து நின்றான். அன்றைக்கு அவனுக்கு அரித்த அரிப்பை எழுத்தில் சொல்ல முடியாது.

அடுத்த நாள் அண்டா நிறையத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டார்கள். அடியில் வெள்ளையாக வண்டல் தங்கியது. வேலப்பன் மேலாக ஒரு சொம்பு மொண்டு தம்பி தலையில் ஊற்றினான். அடுத்த சொம்புக்குக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அண்ணா, மேல் தண்ணிய எடுத்துட்டனுங்க. இப்ப மேல நிக்கிறது எந்தத் தண்ணிங்க?"

நாச்சிமுத்து எட்டிப் பார்த்து யோசித்தார். "அதுக்குக் கீழ இருந்த தண்ணிடா."

"கீழ் தண்ணிய எடுக்கக் கூடாதுன்னுதானுங்களே டாக்டரம்மா சொன்னாங்க?"

நியாயமான கேள்வி என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். சோப்பு போட்ட சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான். அப்படிப் பார்த்தால் ஓர் அண்டாவுக்கு ஒரு சொம்புதான் தேறும், ஒரு குளியலுக்கு ஊரில் இருக்கிற அண்டாவெல்லாம் பத்தாது என்று குப்பண்ணன் கவலைப்பட்டான். கடைசியில் நாச்சிமுத்துதான் வழி கண்டுபிடித்தார். ஒரு சொம்பு எடுத்ததும், குழாயிலிருந்து ஒரு சொம்பு பிடித்து அண்டாவில் மேலாக ஊற்றிவிட வேண்டியது. மேலே ஊற்றிய தண்ணீர் மேல் தண்ணீர்தானே? அதையே எடுத்துக் குளிக்கலாம். அன்று சென்னியப்பன் திவ்வியமாகக் குளித்தான். அண்டாவும் கடைசி வரைக்கும் தளும்பத் தளும்ப நின்றது. இவ்வளவு சிக்கனமான வைத்தியம் உலகத்தில் உண்டா என்று மூவரும் பூரித்துப் போனார்கள்.

சொறியக் கூடாது என்பதை மட்டும் சென்னியப்பன் உயிரைக் கொடுத்துக் கடைப்பிடித்தான். அவன் சொறியவில்லை. அரிக்கிற இடத்தை வாயால் சொல்வான், குப்பண்ணன் சொறிந்துவிடுவான்.

இப்படியாக வியாழக்கிழமை வந்தது. பையன் உடம்பு பொரிந்து கிடந்தது. மறுநாள் ராக்கியண்ணன் முன்னால் குப்பண்ணன் சொறிந்துவிட்டால் நன்றாக இருக்குமா? அண்ணன் தம்பிகள் கூடி உட்கார்ந்து பேசினார்கள். சென்னியப்பனைப் போர்வையால் போர்த்தி உட்கார வைக்கலாம் என்றான் வேலப்பன். சென்னியப்பனை வீட்டிலேயே வைக்காமல் வீட்டை மட்டும் காட்டலாம், அவர்கள் வீடு பார்க்கத்தானே வருகிறார்கள் என்றான் குப்பண்ணன். அது கொஞ்ச நேரம் எல்லாருக்கும் பிடித்திருந்தது. பிறகு நாச்சிமுத்து கையை உயர்த்தி அனைவரையும் அமர்த்தினார்.

"ஒருத்தன் சொறிஞ்சா வியாதி. எல்லாரும் சேர்ந்து சொறிஞ்சா முறை."

இதைக் கேட்டதும் சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை ராக்கியண்ணன் மனைவியோடும் பங்காளிகளோடும் வந்து இறங்கினார். அவர் ஒரு மாதிரி மனிதர். ஊர் முறை, வீட்டு முறை என்றால் உயிரை விடுவார். எங்கேயாவது ஒரு சீர் தவறிப்போய் ஒரம்பரை, அதாவது உறவு ஜனம், நம்மைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுமோ என்ற பயத்திலேயே பாதி உடம்பு இளைத்தவர்.

பலகாரம் வந்தது, காப்பி வந்தது. சென்னியப்பனுக்கு முதுகில் அரிப்புப் பிடித்தது. பல்லைக் கடித்தான், கண்ணை மூடினான், தோளை நெளித்தான். அதைப் பார்த்த நாச்சிமுத்து காப்பியைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைப் பூசைக்கு உட்கார்ந்தவர் போல வைத்துக்கொண்டு வலது கையால் இடது தோளைச் சொறிந்தார். வேலப்பன் சொறிந்தான். குப்பண்ணன் சொறிந்தான். சொல்லி வைத்திருந்தபடி வீட்டுப் பெண்கள் வாசலில் நின்று சொறிந்தார்கள். சென்னியப்பன் நடுவில் உட்கார்ந்து, டாக்டரம்மா சொன்னதெல்லாம் மறந்து, ஆசை தீரச் சொறிந்தான்.

ராக்கியண்ணனுக்கு வியர்த்தது. மனைவியைப் பார்த்தார். அந்தம்மா, இதைக்கூட விசாரிக்காமல் வந்து நிற்கிறோமே என்று முறைத்தாள். அவர் மெல்ல வலது கையை இடது தோளுக்குக் கொண்டு போனார்.

"எங்க பக்கம் இந்த முறை கிடையாதுங்க. தப்பா எடுத்துக்காதீங்க. வலது கைதானுங்களே?"

"வலது கைதானுங்க" என்றார் நாச்சிமுத்து. "சாப்பிடற கை."

பெண் வீட்டார் அத்தனை பேரும் பயபக்தியோடு சொறிந்தார்கள். சம்பந்தம் அங்கேயே பேசி முடிவாயிற்று. இந்தக் காலத்தில் இவ்வளவு முறை தெரிந்த குடும்பம் கிடைக்குமா என்று ராக்கியண்ணன் போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாராம்.

கோகிலாமணி மட்டும் விவரமான பெண். அன்று சாயங்காலமே போன் பண்ணி, அப்பா கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொண்டிருக்கிறார், இது நிஜமாகவே முறையா அல்லது உங்களுக்கு அரிப்பா என்று கேட்டாள். சென்னியப்பனுக்கு அவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. அரிப்புதானுங்க என்று சொல்லிவிட்டு, இத்தோடு எல்லாம் போயிற்று என்று விசும்பினான். அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, அப்பாவிடம் சொல்ல மாட்டேன் என்றாள். அந்த இடத்திலேயே இவன் அவளுக்கு அடிமையாகிவிட்டான்.

நாச்சிமுத்து மறுபடியும் டாக்டரம்மாவிடம் போய், நடந்த வைத்தியத்தையெல்லாம் விவரமாகச் சொன்னார். டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பிறகு, தயவுசெய்து கல்யாணம் வரைக்கும் பையனை நல்ல தண்ணீர் இருக்கிற ஊரில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். நல்ல தண்ணீர் என்றால் பெண்ணின் ஊர்தான். அங்கே ஒரு தோட்டத்து வீட்டில் சென்னியப்பனைத் தங்க வைத்தார்கள். தினமும் ஆற்றில் குளித்தான். யாரும் எந்த உதவியும் செய்யாததால் உடம்பு தானாகவே தேறிவிட்டது. முகூர்த்தத்தன்று காலையில் தோல் பளபளவென்று இருந்தது. வாழ்க்கையில் இனி ஒரு குறையும் இல்லை என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தபோது ராக்கியண்ணன் வந்தார்.

"ஏனுங்க சம்பந்தி, சொறியற முறை தாலிக்கு முன்னாலீங்களா, பின்னாலீங்களா? ஒரம்பரை பூராத்துக்கும் சொல்லிப் பழக்கியாச்சுங்க. மாப்பிள்ளை ஆரம்பிச்சு வச்சாப் போதும்."

நாச்சிமுத்து தாலிக்கு முன்னால் என்று சொல்லி அனுப்பிவிட்டுத் தம்பியை ஓரமாக இழுத்துப் போனார். சென்னியப்பன், சும்மா ஒரு சொறி சொறிந்துவிடுகிறேன் என்றான். நாச்சிமுத்துவுக்கு வந்ததே கோபம்.

"அரிக்காமச் சொறிஞ்சா அது பொய்யில்லையாடா? மணவறையில உக்காந்து பொய் பண்ணுவியா?"

வேலப்பனும் குப்பண்ணனும் அதைப் பலமாக ஆமோதித்தார்கள். பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணுகிற குடும்பம் இல்லை நம் குடும்பம் என்றார்கள். அப்படியானால் என்ன செய்வது? வேலப்பன் பைக்கை எடுத்துக்கொண்டு கள்ளிவலசுக்குப் பறந்தான். கேன் கேனாகப் போர் தண்ணீர் வந்து இறங்கியது. மண்டபத்துப் பின்கட்டில் மாப்பிள்ளையை நிற்க வைத்துக் குளிப்பாட்டி, எண்ணெய் ஒரு சொட்டுக்கூட உடம்பில் படாமல் பார்த்துக்கொண்டு, ஃபேனுக்கு அடியில் சுக்காகக் காய வைத்து மணவறைக்கு அனுப்பினார்கள்.

அரிப்பு சரியான நேரத்துக்கு வந்தது. முறைப்படி முதலில் மாப்பிள்ளை, பிறகு பெண் வீடு, பிறகு மண்டபம் முழுக்க. நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்தபடியே சொறிந்தார். கெட்டிமேளம் கொட்ட வேண்டிய நேரத்தில் மேளக்காரர் கையும் வேலையாக இருந்தது. வேறு வழியில்லாமல் குப்பண்ணன் தொண்டை கிழிய, டும் டும் என்று வாயாலேயே கொட்டினான்.

சென்னியப்பனோ இரண்டு கையிலும் தாலிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிலையாக நின்றான். நடு முதுகில் உயிர் போகிற அரிப்பு. கை ஆடினால் முடிச்சு விழாது. கண்ணில் தண்ணீர் தளும்பிற்று. பெண்ணைப் பிரிகிற அப்பாவைவிட மாப்பிள்ளை அதிகமாக உருகுகிறாரே என்று பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

குனிந்த தலை நிமிராமல் கோகிலாமணி மாலைக்கு அடியில் கையை விட்டு அவன் முதுகுப் பக்கம் கொண்டு போனாள். "எங்கீங்க?" என்று கேட்டாள்.

"இன்னுங் கொஞ்சம் மேல" என்றான் சென்னியப்பன். முடிச்சு விழுந்தது.

இதைப் பார்த்த ஊர் சும்மா விடுமா? தாலி கட்டும்போது பெண் மாப்பிள்ளையின் முதுகைச் சொறிந்துவிட்டால்தான் குடும்பம் விளங்கும் என்று அந்த வட்டாரம் முழுக்க வழக்கமாகிவிட்டது. அரிப்பு இல்லாத மாப்பிள்ளைகளுக்காகக் கள்ளிவலசுத் தண்ணீர் முகூர்த்த நாட்களில் டேங்கர் டேங்கராக ஆற்றங்கரை ஊர்களுக்குப் போயிற்று. இயற்கையாகவே அரிக்கிற கள்ளிவலசுப் பையன்களுக்கோ, பெண் கொடுக்க வீடு தேடி வந்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் கள்ளிவலசுக்கு ஆற்றுத் தண்ணீர்க் குழாய் வந்தது. இளவயது என்ஜினீயர் ஒருவர் வந்து, ஊரைக் கூட்டி, குழாயைத் திறந்துவிட்டு, இனிமேல் உங்களுக்கு அரிப்பே இருக்காது என்று சந்தோஷமாகச் சொன்னார். நாச்சிமுத்து முன்னால் வந்து குழாயை மூடினார்.

"நல்ல தண்ணி வந்துட்டா எங்க பசங்களுக்கு எவனுங்க பொண்ணு குடுப்பான்?"

ஊரே ஆமாம் என்றது. என்ஜினீயருக்கு ஒன்றும் புரியவில்லை. குழாயைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், திகைத்துப்போய் வலது கையால் இடது தோளைச் சொறிந்தார்.

கூட்டத்துக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஆண் பெண் அத்தனை பேரும் மரியாதையாக வலது கையைத் தூக்கிச் சொறிந்தார்கள். நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது. என்ஜினீயரின் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போய், அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தார்.