பரிமாறும் வழியில் ஓர் இலை

ஆற்றங்கரை மடத்தின் குருவுக்கு வயது முப்பத்தெட்டு. அவருடைய சீடர் மாசிலாமணி அறுபதைத் தாண்டியவர். அவர் குருவை "அம்மா" என்பார். குரு அவரை "அண்ணே" என்பார். அதில் இரண்டு பேருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

பௌர்ணமிதோறும் மடத்தில் ஊருக்கெல்லாம் சாப்பாடு. பந்தி மாசிலாமணியின் பொறுப்பு.

மடத்திலேயே வளர்ந்த சொக்கனுக்கு முப்பது வயது. ஆட்டிசம் உள்ளவன். பேச மாட்டான். கரண்டி வாளியில் இடித்தால் போதும், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுருண்டுவிடுவான். மாசிலாமணி அவன் கூடவே இருந்து பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். சாமான் அறையில் அவனுக்குத் தனியாக இலை போட வேண்டும். சன்னலைச் சாத்த வேண்டும். முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்துவிட வேண்டும். அப்புறம் சொக்கன் இலையை வழித்துச் சாப்பிட்டுவிடுவான்.

அந்தப் பௌர்ணமியன்றும் அவன் பந்திக்கு முன்பே சாப்பிட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போயிருந்தான். பந்தி தொடங்கியபோது அன்னக்கிளி என்ற பெண் தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். பிள்ளைக்கு ஏழு வயதிருக்கும். உள்ளேயிருந்து வந்த சத்தம் கேட்டதும் பிள்ளை நுனிக்காலில் எம்பி, இரண்டு கைகளையும் படபடவென்று உதறியது.

"ஐயா, பிள்ளைக்கு ஆட்டிசம்," என்றாள் அன்னக்கிளி. "கல்யாணம், காதுகுத்து எதுலயும் நாங்க முழுசா சாப்பிட்டதில்லை. பாதியில எழுப்பி விட்டுடறாங்க. இங்கயும் முடியலைன்னா இனிமே எந்தப் பந்தியிலயும் உட்கார்றதில்லைன்னு முடிவு பண்ணிட்டுத்தான் வந்தேன். இவளுக்கு என்னன்னா..."

"நீ ஒண்ணுமே சொல்ல வேண்டாம் தாயி. எனக்கு எல்லாம் தெரியும். இங்க சொக்கன்னு ஒருத்தன் இருக்கான். நான்தான் பார்த்துக்கிறேன்."

"இல்லைங்கய்யா, இவளுக்கு..."

"கையை உதறுதே, தெரியலையா? சத்தம் தாங்கலை. வா, வா."

தாயையும் மகளையும் சாமான் அறையில் உட்காரவைத்து இலை போட்டார். சோறு வைத்தார். சன்னலைச் சாத்தினார். பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்து கதவையும் சாத்தினார்.

அலறல் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. கூடவே கதவில் தலையை முட்டும் சத்தம்.

"பிள்ளையை அடிக்கிறாங்களா என்ன?" என்றார் ஒருவர்.

"இதுகளை எல்லாம் வீட்லயே வெச்சுட்டு வரக் கூடாதா?" என்றது இன்னொரு குரல்.

கதவு திறந்தது. அன்னக்கிளி மகளைத் தூக்கி இடுப்பில் இடுக்கியிருந்தாள். தாயின் தலைமுடியெல்லாம் சோறு. "போதுங்கய்யா. நாங்க வர்றோம்," என்று வாசலைப் பார்த்து நடந்தாள்.

மாசிலாமணி மோர்ப் பானையருகே நின்ற குருவிடம் ஓடினார்.

"அம்மா, சொக்கனுக்குச் செய்யறதுல ஒண்ணு விடாம செஞ்சேன். ஏன் இப்படி ஆச்சு?"

"பிள்ளை பேரு என்ன அண்ணே?"

"கேக்கலைம்மா."

குரு கரண்டியை வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். அன்னக்கிளி ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தாள்.

"பிள்ளை பேரு என்னம்மா?"

"நிறைமதி."

"கொஞ்சம் கீழே விடுறீங்களா?"

"ஓடிடுவாளுங்க."

"ஆற்றுப் பக்கக் கதவைச் சாத்துங்க அண்ணே," என்றார் குரு. தெருக்கதவை அவரே சாத்தினார். "இப்ப ஓடட்டும்."

நிறைமதி ஓடினாள். நேராகப் பந்திக்குள். இரண்டு வரிசைக்கு நடுவில், பரிமாறுகிறவர்கள் நடக்கும் வழியில், ரச வாளிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கரண்டி வாளி விளிம்பில் இடித்தது. டங். அவள் சிரித்தாள்.

"அங்கே இலை போடுங்க அண்ணே."

"அம்மா, அது பரிமாறுற வழி. அங்க யாராவது இலை போடுவாங்களா?"

"நீங்க போடுங்க."

"வாளி தூக்கிட்டு வர்றவங்க?"

"சுத்திப் போவாங்க."

மாசிலாமணி இலை போட்டார். நிறைமதி சோற்றைத் தொடவில்லை. அப்பளத்தை எடுத்துக் காதோரம் வைத்து நொறுக்கினாள். இன்னொன்று கேட்டு இலையைத் தட்டினாள். அதையும் நொறுக்கினாள். அப்புறம் சோற்றில் கை வைத்தாள்.

"எனக்கும் நடுவுலயே ஒரு இலை போடுங்கப்பா. ரசம் சீக்கிரம் கிடைக்கும்போல இருக்கே," என்றார் வரிசையில் ஒருவர். பந்தி சிரித்தது. வாளிகள் சுற்றிப் போயின.

"சத்தம்னா இவளுக்கு உசுருங்க," என்றாள் அன்னக்கிளி. "வீட்ல குக்கர் விசில் அடிச்சாத்தான் வாயைத் திறப்பா. அதைத்தான் சொல்ல வந்தேன்."

மாசிலாமணி நிறைமதியின் பக்கத்தில் அன்னக்கிளிக்கும் ஓர் இலை போட்டார். முதல் கவளத்தை விழுங்கிவிட்டு, "சூடா இருக்குங்கய்யா," என்றாள். இரண்டாம் சோறும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

பந்தி முடிந்தது. தாயும் மகளும் போய்விட்டார்கள். மாசிலாமணி எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டே வந்து குருவின் எதிரில் நின்றார்.

"புரிஞ்சுதும்மா. சொக்கனுக்கு அறை. நிறைமதிக்கு நடுப்பந்தி. அடுத்த பௌர்ணமிக்கு இந்த மாதிரி இன்னொரு பிள்ளை வந்தா இலையை எங்கே போடறது? இப்பவே சொல்லிட்டீங்கன்னா ஏற்பாடு பண்ணி வெச்சுடுவேன்."

குரு மோர்ப் பானையைக் கவிழ்த்து வைத்தார்.

"அந்தப் பிள்ளை இன்னும் வரலையே அண்ணே."