சேவல் போட்ட பச்சை முட்டை

கோழி பேசினால் மனுஷன் நின்று பதில் சொன்ன காலத்தில், தெய்வசிகாமணி என்று ஒருவர் இருந்தார். எல்லார் வீட்டுக் கோழியும் வெள்ளையும் காவியுமாக முட்டை போட, தன் வீட்டுக் கோழி மட்டும் பச்சையாகப் போட்டுத் தெருவே வாயைப் பிளக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்காக நீல முட்டை வம்சத்துச் சேவல் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கி வந்தார். கொல்லையில் ஏற்கெனவே செவலை என்றொரு கோழி இருந்தது. அது காவி முட்டை போடும். நீலமும் காவியும் கலந்தால் பச்சை. கணக்கு சரிதான். பொறுமைதான் கிடையாது மனுஷனுக்கு.

சேவலை விட்ட மறு வாரமே கூட்டுக்குள் கையை விட்டுத் துழாவினார். காவி முட்டை.

"என்ன கோழி நீ? ராஜா மாதிரி சேவல் வாங்கி விட்டிருக்கேன், இன்னும் பழைய கலரையே போடறே?"

"ஐயா, ஓட்டுக்கு நிறம் பூசறது முட்டை போடற உடம்பு. சேவலை மாத்தினா என் உடம்பு மாறுமா? எங்களுக்குப் பொறக்கற பொண்ணு வளர்ந்து போட்டா பச்சை வந்தாலும் வரும்" என்றது செவலை.

தெய்வசிகாமணி சேவல் பக்கம் திரும்பினார். "அப்படியாப்பா?"

சேவலுக்கு உண்மை தெரியும். ஆனால் தன்னால் ஆகாத காரியம் ஒன்று உண்டு என்று அது எப்படி ஒத்துக்கொள்ளும்? "சும்மா சாக்கு சொல்றா. அவளுக்குத் துப்பில்லை" என்றது.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் குழம்புதான்" என்று சொல்லிவிட்டுப் போனார் அவர்.

செவலை நேரே கூட்டுக்கு ஓடியது. இருந்த முட்டைகளை எல்லாம் கூட்டி, அதன்மேல் ஏறி அடைக்கு உட்கார்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கத்தியோடு வந்தவரை அவர் மனைவி குணவதி மறித்தாள்.

"அடைக்கோழியை யாராவது அறுப்பாங்களா? புத்தி கித்தி இருக்கா உங்களுக்கு?"

அப்படித்தான் செவலை பிழைத்தது. குஞ்சு பொரித்ததில் ரெண்டு பெட்டை தேறின. மூத்தவள் வளர்ந்து முதல் முட்டை போட்டாள். பச்சை! வேப்பங்கொழுந்து மாதிரி பச்சை!

தெய்வசிகாமணி தெருவையே கூப்பிட்டுக் காட்டினார். சாமந்தி மாலை வாங்கி வந்தார். யாருக்கு? சேவலுக்கு!

"எல்லாம் என் ரத்தம். இனிமே இந்த வீட்டு முட்டைக்கு நான் பொறுப்பு" என்றது சேவல், மாலையும் கழுத்துமாக. முக்கி முக்கிப் போட்டவள் மூலையில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாள். அவளுக்கு ஒரு பிடி தவிடு வைக்க ஆளில்லை. செவலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்து இளையவளின் முறை. இந்தத் தடவை முட்டை விழுவதற்கு முன்பே தெருவைக் கூட்டிவிட்டார் தெய்வசிகாமணி. விழுந்தது காவி முட்டை. தெரு விழுந்து விழுந்து சிரித்தது.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. நேரே போய்ச் சேவலின் ரெண்டு காலையும் சேர்த்துப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார். "பொறுப்பு உன்னுதுதானே?"

"ஐயோ செவலை! என் மேல தப்பில்லைன்னு சொல்லுடி!"

நல்லா வேணும் என்றுதான் செவலைக்கு முதலில் தோன்றியது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. "ஐயா, அதை விட்டுடுங்க. பொண்ணுங்க உடம்புல அப்பன் பாதி, நான் பாதி. யாருக்கு எந்த நிறம் வாய்க்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. அதுமேல ஒரு தப்பும் இல்லை."

தெய்வசிகாமணி ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு தலைகீழாகத் தொங்கிய சேவலிடம், "இவ சாக்கு சொல்றவன்னு நீதானேப்பா சொன்னே?" என்றார். குணவதியைக் கூப்பிட்டு மசாலா அரைக்கச் சொன்னார்.