மூன்றாம் கோட்டை எரியவில்லை

முன்னொரு காலத்தில் வெண்ணாவல் நாட்டை வீரகண்டன் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். ஆட்சியைவிட வேடிக்கையில் அவனுக்கு நாட்டம் அதிகம்.

அந்த ஆண்டுத் திருவிழாவில் முப்புரம் எரித்த கூத்து நடந்தது. அதற்குப் பொறுப்பேற்ற சேந்தன், மூங்கிலும் துணியும் கொண்டு மூன்று கோட்டைகளை எழுப்பி, அரக்குப் பூசியிருந்தான். சிவன் வேடக்காரர் சிரித்ததும் அவை குபீரெனப் பற்றின. முன்வரிசைப் பிரபுக்கள், "பலே!" என்று ஆர்ப்பரித்தார்கள். பெண்கள் வழக்கப்படி குலவையிட்டார்கள். தென்னெல்லை மக்களோ பதறி எழுந்தார்கள். பகைவன் தங்கிவிடக் கூடாதென்று, சென்ற போரில் அரசனின் படையே கொளுத்திய ஊர் அவர்களுடையது. அவர்களுள் ஒருத்தி, தண்ணீர்ப் பந்தலில் ஏவல் செய்த மருதாயி, "உள்ளே எம்புள்ள இருக்கு!" என்று அலறியபடி ஓடி, குடத்து நீரை மூன்றாம் கோட்டைமேல் கொட்டிவிட்டாள்.

மறுநாள் அவளை அவையில் நிறுத்தினார்கள்.

"தெய்வம் மூட்டிய தீயை அணைத்த கைகள், அரசே! இரண்டையும் வெட்டுவதே முறை" என்றான் சேந்தன்.

அமைச்சர் அறவாழி எழுந்தார். "சேந்தரே, கோட்டை எரிந்தபோது நீர் அழுதீரா?"

"மூங்கில் பொம்மைக்கு யாரய்யா அழுவார்?"

"கேட்டீர்களா, அரசே? கட்டியவருக்கே அது பொம்மையாம். மெய்யென்று நம்பியவள் இவள் ஒருத்தி. நம்பியவளின் கையை வெட்டினால், இனி உங்கள் கூத்தை நம்ப எவர் துணிவார்?"

அரசன் முகம் மலர்ந்தது. "அப்படியா! பெண்ணே, அங்கே எதைக் கண்டாய்?"

"எங்க ஊரை, சாமி."

அமைச்சர் அவசரமாகக் குறுக்கிட்டார். "தன் ஊராகவே கண்டாளாம், அரசே! அத்தனை தத்ரூபம்!"

"சபாஷ்! இவளன்றோ ரசிகை! சேந்தா, ரசனையற்ற நீ இனித் தண்ணீர்ப் பந்தலுக்குப் போ. அறவாழி, இந்த முத்துமாலை உமக்கு." அரசன் மருதாயியைப் பார்த்துப் பரிவோடு சிரித்தான். "உனக்கும் பரிசு உண்டு. இன்றிரவு மூன்று கோட்டைகளும் மறுபடி எரியும். நீ என் பக்கத்தில் அமர்ந்து பார்க்கலாம். இனி ஆண்டுதோறும் அந்த இடம் உனக்குத்தான்."

அவை கைதட்டியது. அமைச்சர் வாய் திறந்தார். அவள் கண்டது அரசனின் படையே கொளுத்திய ஊரை என்று இப்போது சொன்னால், அவள் தலை போகும். மூடிக்கொண்டார்.

காவலர் அழைத்துச் செல்லும்போது மருதாயி அமைச்சரருகே நின்றாள்.

"ஐயா, கையையே வெட்டச் சொல்லியிருக்கலாமே."