உயிர் வந்த பதிவு

விமர்சகர் நீலமேகம் தலையாட்டாமல் இசைக் கம்பெனி முதலாளி எந்த இசைப்பதிவையும் வெளியிட மாட்டார். தையல்நாயகி சொந்தமாக இசையமைத்த முதல் பதிவைக் காலையில் கேட்ட நீலமேகம் உதட்டைப் பிதுக்கினார்.

"உயிரே இல்லை. சாயங்காலத்துக்குள்ள உயிரைக் கொண்டு வா. இல்லேன்னா குப்பையில போடு."

தையல்நாயகி பதிவைத் தொடவே இல்லை. மாலையில் நீலமேகத்தைச் சபா கேன்டீனுக்குக் கூட்டிப்போய், அக்காரவடிசில் இரண்டு தரம் போடச் சொன்னாள். பிறகு முதலாளி முன்னால் அதே பதிவை ஓடவிட்டாள்.

நீலமேகம் கண்ணை மூடிக்கொண்டார். "இப்பத்தான் உயிர் வந்திருக்கு."

"அப்படி என்னம்மா மாத்தினே?" என்றார் முதலாளி.

"பதிவுல ஒண்ணும் மாத்தலைங்க. காலையில ஐயா வெறும் வயித்துல கேட்டாரு."

பதிவு வெளிவந்தது. நீலமேகத்திடம் இப்போது யாரும் இசையைப் பற்றி அபிப்பிராயம் கேட்பதில்லை. புதுப் பலகாரம் போட்டால் கேன்டீன்காரர் மட்டும் கூப்பிடுகிறார்.