இரண்டு நாற்பதுக்கு ஓடிய தண்ணீர்

குருவுக்கு வயது முப்பத்துநான்கு. சீடருக்கு ஐம்பத்தொன்று. ராணிப்பேட்டை மருந்து ஆலையில் இதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் மக்கர் செய்தால் சர்வீஸ் இன்ஜினியர் சுபைதா வருவார். சூப்பர்வைசர் தணிகாசலம் அவர் பின்னால் நின்று கற்றுக்கொள்வார். கேலியாகத்தான் முதலில் "குருவே" என்றார். இப்போது மனதார அப்படித்தான் கூப்பிடுகிறார்.

அன்று காலை சீடர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். ஆபரேட்டர் எட்வினை வேலையை விட்டு நீக்கச் சொல்லி மேனேஜருக்கு எழுதியது.

"நேத்து மதியம் சில்லர் நின்னுபோச்சு குருவே. ஒரு பேட்ச் மருந்து பாழ். எட்வின் மறுபடியும் தண்ணி வால்வைத் திறக்காம விட்டுட்டான்."

"நீங்க பார்த்தப்ப மூடியிருந்துச்சா?"

"திறந்துதான் இருந்துச்சு. நான் வர்றதுக்குள்ள திறந்திருப்பான். ஒரு தடவை தப்பு பண்ணவனை எப்படி நம்பறது, சொல்லுங்க?"

சுபைதா சில்லரின் பேனல் திரைப் பக்கம் திரும்பினார்.

"பேனல் என்ன சொல்லுச்சு?"

"தண்ணி ஓட்டம் இல்லைன்னு. ரெண்டு நாற்பதுக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ரீசெட் அமுக்கினேன்."

எல்லா ஆலையிலும் நடப்பதுதான். பழுதின் பெயரைப் படிப்பார்கள், ரீசெட்டை அமுக்குவார்கள், கையோடு யாரையாவது திட்டுவார்கள்.

"பழுதுப் பட்டியல்ல அந்த வரி மேல விரலை வச்சு அமுக்குங்க சார்."

அமுக்கினார். திரையில் எண்கள் வரிசையாக விரிந்தன. பழுது வந்த அந்த நொடியில் சில்லர் எப்படி இருந்தது என்று கன்ட்ரோலர் தானாகவே எழுதி வைத்திருந்தது. இத்தனை வருடம் அதை அவர் திறந்ததே இல்லை.

"தண்ணி உள்ள வர்ற அழுத்தம்?"

"ரெண்டு புள்ளி ஒன்பது."

"வெளிய போறது?"

"ரெண்டு புள்ளி ஒண்ணு."

"அதுவே கழிச்சுக் கீழ போட்டிருக்கும் பாருங்க."

"புள்ளி எட்டு."

"தண்ணி நின்னிருந்தா?"

சீடர் யோசித்தார். "ரெண்டு பக்கமும் ஒண்ணாயிருக்கும். பூஜ்யம் வந்திருக்கணும்..." அவர் குரல் இறங்கிவிட்டது.

குரு பேனலைத் திறந்தார். தண்ணீர் ஓட்டத்தை உணரும் கருவியிலிருந்து வந்த ஒயரை டெஸ்டர் நுனியால் லேசாகத் தட்டினார். அதைப் பிடித்திருந்த திருகு தளர்ந்திருந்தது. அலாரம் அலறியது. திரையில் மறுபடி அதே வரி, தண்ணீர் ஓட்டம் இல்லை.

சீடர் குழாயில் கை வைத்தார். உள்ளே தண்ணீர் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

கடிதத்தை நான்காகக் கிழித்துப் போட்டார். ஆனாலும் மனது ஆறவில்லை. அதே பையிலிருந்து சின்ன டைரியை எடுத்தார். ஆட்கள் செய்த தவறுகளைத் தேதி, நேரத்தோடு குறித்து வைப்பது அவர் பழக்கம்.

"இது பொய்யில்லையே குருவே? போன மாசம் ஒன்பதாம் தேதி, காலை அஞ்சு மணி. எட்வின் வால்வைத் திறக்கல. என் கண்ணால பார்த்தேன்."

"பக்கத்துல என்ன எழுதியிருக்கீங்க?"

"ஒண்ணுமில்லை."

"அப்ப அவர் வேலைக்கு வந்து எத்தனை மணி நேரம் ஆகியிருந்துச்சு?"

சீடர் விரல் விட்டு எண்ணினார்.

"இருபத்துமூணு."

"யார் இருக்கச் சொன்னது?"

அலாரம் இன்னும் அலறிக்கொண்டிருந்தது. சுபைதா திருகை முடுக்கி அதை நிறுத்தினார். சீடர் டைரியைப் பார்த்தபடியே சொன்னார்.

"நான்தான். மாத்து ஆள் வரலை. கொஞ்சம் சமாளிச்சுக்கோன்னு சொன்னேன். அவனும் முகம் சுளிக்காம இருந்தான்."

பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"இந்த வரியை அடிச்சிடட்டுமா குருவே?"

"அடிக்காதீங்க சார். பக்கத்துல மத்ததையும் எழுதுங்க."