கப்பல் உச்சியில் ஒரு கல் சிங்காசனம்

எந்தக் காலம் என்று கேட்காதீர்கள், ரொம்ப நாளைக்கு முன்னால் சங்குத்துறை நாட்டை இளம்பரிதி என்றொரு அரசன் ஆண்டுவந்தான். மனசு நல்ல மனசுதான். ஆனால் காலையில் ஒரு பிடிவாதம், மாலையில் ஒரு பிடிவாதம்.

மகளுக்குக் கடல் கடந்த தீவில் கல்யாணம் நிச்சயமானது. அதற்கென்றே புதுக் கப்பல் கட்டினான். "என் தலைக்கு மேல் எவன் தலையும் இருக்கக் கூடாது. பாய்மரத்தை ஒட்டி உயர மேடை போட்டு, அதன்மேல் என் கல் சிங்காசனத்தை ஏற்றுங்கள்!" என்று உத்தரவு போட்டான்.

அமைச்சர் ஆதனாரின் பதவிமேல் ஒரு கண் வைத்திருந்த விடங்கராயர் உடனே ஒத்து ஊதினார். "ஆகா! அப்படியே கப்பலின் அடியில் கிடக்கிற பாரக்கற்களையும் தூக்கி எறிந்துவிடலாம், அரசே. அரசர் போகும் கப்பலில் வெறும் கல்லுக்கு என்ன வேலை?"

ஆதனார் முன்னால் வந்தார். அவர் தூக்கிக் கொஞ்சிய பெண் அல்லவா அதில் போகப்போகிறாள்! "அரசே, பாரம் கீழே இருந்தால்தான் சாய்ந்த கப்பல் நிமிரும். பாரத்தை மேலே ஏற்றினால் சாய்ந்தது சாய்ந்ததுதான்" என்றார்.

"அமைச்சருக்குத் தண்ணீரைக் கண்டாலே நடுக்கம்" என்று சிரித்தார் ராயர்.

"நாளை துறையிலேயே சோதித்துவிடுவோம். கப்பல் ஒழுங்காக நின்றால் உமது பதவி ராயருக்கு. சம்மதமா?" என்றான் அரசன்.

"சம்மதம். சிங்காசனத்தில் ராயரே உட்காரட்டும். நீங்கள் கரையில் நின்று ஒருமுறை கையசைத்தால் போதும்."

ராயருக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் பாரக்கற்களை இறக்கி, சிங்காசனத்தை மேடையில் ஏற்றியதும் சபையார் அத்தனை பேரும் கப்பல் ஏறினார்கள். ராயர் உச்சியில் மீசையை முறுக்கிக்கொண்டு அமர்ந்தார். ஆதனார் சத்தமில்லாமல் சில படகுகளைப் பக்கத்தில் நிறுத்தி வைத்தார்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். அரசர் முகம் எந்தப் பக்கம் தெரிகிறதோ, அந்தப் பக்கம் முண்டியடித்து ஓடிப்போய்க் கும்பிட வேண்டும். பிந்தியவன் பாடு திண்டாட்டம்தான்.

அரசன் கையசைத்தான். சபை மொத்தமும் அந்தப் பக்கம் பாய்ந்தது. கப்பல் சாய்ந்தது, சாய்ந்துகொண்டே போனது. உச்சியிலிருந்த சிங்காசனம் வழுக்கிக்கொண்டு வந்து ராயரோடு கடலில் தொபுக்கென்று விழுந்தது. அது தொலைந்த பிறகுதான் கப்பல் ஆடி ஆடி ஒருவழியாக நிமிர்ந்தது. சபையார் தட்டுத்தடுமாறிக் கரை இறங்கினார்கள்.

படகுக்காரர்கள் தூக்கிய ராயரின் மீசையில் கடற்பாசி தொங்கியது. அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். சட்டென்று சிரிப்பு நின்றது.

"இதுவே நடுக்கடலில் நடந்திருந்தால் என் மகள் என்ன ஆகியிருப்பாள்!" என்று ஆதனாரின் கையைப் பிடித்துக்கொண்டான். "ராயரே, பாரக்கற்களை நீரே சுமந்து அடியில் அடுக்கும். அமைச்சரே, இனிச் சபையில் உமது ஆசனம் எனக்கு எதிரே. நான் எதைச் சொன்னாலும் இவர்கள் ஒரே பக்கம் ஓடுகிறார்கள். மறுபக்கம் நிற்க ஒரு ஆள் வேண்டும்."

"ஆமாம் அரசே! ஆமாம் அரசே!" என்று சபை மொத்தமும் அவன் பக்கம் ஓடிவந்து கும்பிட்டது. நல்லவேளை, அப்போது எல்லோரும் கரையில் நின்றார்கள்.