டிரான்சிஸ்டர் தின்னும் ரிலே

“டீச்சர், மறுபடியும் போயிருச்சுங்க!”

கருகிய டிரான்சிஸ்டரை நீட்டியபடி செங்கோடன் பட்டறைக்குள் நுழைந்தார்.

பிலோமினா டீச்சரிடம் மின்னணுப் பாடம் படிப்பவர். டீச்சரைவிட வயதில் மூத்தவர். பொறுமையில் ரொம்ப இளையவர்.

“குஞ்சு பொரிக்கற பெட்டி நிறைய முட்டை இருக்குதுங்க. இன்னைக்குப் பொரியணும். சூடு ஏறினா பல்பு அணையோணும், குறைஞ்சா எரியோணும். வீட்டுக்காரி கையாலேயே போட்டுப் போட்டு அணைச்சுட்டு உக்காந்திருக்கா.”

“பல்பைப் போடற சுவிட்ச் ரிலேதானே?”

“ஆமாங்க. ரிலேயோட சுருளுக்குக் கரண்டை விடறதும் நிறுத்தறதும் இந்த டிரான்சிஸ்டர்.”

“எப்பச் சாகுது? விடறப்பவா, நிறுத்தறப்பவா?”

“நிறுத்தறப்பதாங்க. வேலையெல்லாம் முடிஞ்சப்புறம் எதுக்குங்க சாகோணும்?”

டீச்சர் அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து ஒரு நுனியை அவரிடம் கொடுத்தார்.

“இழுங்கண்ணா.”

செங்கோடன் மூச்சுப் பிடித்து இழுத்தார். டீச்சர் சட்டென்று விட்டார். மனிதர் பின்னால் பாய்ந்து சுவரில் முட்டினார்.

“ஏனுங்க விட்டீங்க!”

“இன்னொரு தடவை.”

செங்கோடன் இந்தமுறை ஏமாறவில்லை. மூலையில் கிடந்த பஞ்சு மூட்டையை இழுத்து முதுகுக்குப் பின்னால் போட்டுவிட்டுத்தான் துண்டைத் தொட்டார். டீச்சர் விட்டார். அவர் மூட்டைமேல் சுகமாக விழுந்தார்.

“நீங்க இழுத்துட்டு இருந்தப்ப மூட்டை என்ன பண்ணுச்சு?”

“ஒண்ணும் பண்ணலைங்க. சும்மாதான்...”

அடுத்த நொடி துள்ளி எழுந்தார்.

“ஐயையோ! சுருளுக்குக் குறுக்கே, ஒரு பக்கம் மட்டும் கரண்டை விடற டயோடு ஒண்ணு தலைகீழா இருந்துச்சுங்க! மீட்டர் வெச்சுப் பார்த்தேன், துளி கரண்ட் ஓடலை. சும்மா இருக்கறதுக்கு எதுக்கு இடம்னு நான்தாங்க பிடுங்கி வீசினேன்! நிறுத்தறப்ப சுருள் உதைக்கற உதையை வாங்கற மூட்டை அதுதானுங்க!”

டீச்சர் மேசை இழுப்பறையைத் திறந்து புது டிரான்சிஸ்டரோடு டயோடு ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார்.

செங்கோடன் டயோடை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். சந்தோஷத்தில் செருப்பை மறந்து வண்டிக்கு ஓடினார். ஓடிக்கொண்டே போனில் கத்தினார்.

“புள்ள, எந்திரிச்சுராத! வந்துட்டேன்!”

“வெரசா வாங்க!” என்று அந்தப் பக்கமிருந்து மனைவியும் கத்தினாள். “ஒரு குஞ்சு உள்ளிருந்து ஓட்டைக் கொத்துதுங்க!”